போடோ, கொக்பொரோக் மொழிகளில் உறவுமுறைச் சொற்கள்

போடோ, கொக்பொரோக் மொழிகளில் உறவுமுறைச் சொற்கள் என்பது வடகிழக்கு இந்தியாவில் பேசப்படும் இவ்விரு மொழிகளிலும் குருதி வழி, திருமண வழி உறவினரைக் குறிக்க வழங்கும் சொற்களின் தொகுதியாகும். இரு மொழிகளும் திபெத்திய-பர்மிய மொழிக் குடும்பத்தின் போடோ-காரோ கிளையைச் சேர்ந்தவை. இவற்றின் உறவுச் சொற்களில் 'என்', 'உன்', 'அவர்' என்னும் உடைமைப் பொருள் சொல்லின் முன்னொட்டாகவே அமைந்துள்ளது. உடன்பிறந்தோருள் மூத்தவருக்கும் இளையவருக்கும் தனித்தனி வேர்ச்சொற்கள் உள்ளன. உறவுச் சொற்கள் அன்றாடம் வழங்குபவையாதலால் பழைய வடிவங்களைப் பெரிதும் காத்து வைத்திருக்கின்றன. இதனால் இரு மொழிகளின் உறவை ஆராய்வோருக்கு இவை முதன்மையான சான்றாக விளங்குகின்றன.

மொழிகள்

போடோ (போரோ எனவும் வழங்கும்) அசாம் மாநிலத்தின் கோக்ராஜார், சிராங், பாக்சா, உதால்குரி முதலிய மாவட்டங்களில் பெரும்பான்மையாகப் பேசப்படுகின்றது. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 14.8 இலட்சம் பேர். 2003 ஆம் ஆண்டு இந்திய அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இம்மொழி சேர்க்கப்பட்டது. 1975 ஆம் ஆண்டு முதல் தேவநாகரி எழுத்தில் எழுதப்படுகின்றது.

கொக்பொரோக் திரிபுரா மாநிலத்தின் திரிபுரி மக்களின் மொழியாகும். அண்டையிலுள்ள மிசோரம், அசாம், வங்காளதேசத்தின் சிட்டகாங் மலைப்பகுதி ஆகியவற்றிலும் இதனைப் பேசுவோர் உள்ளனர். 2011 கணக்கெடுப்பில் திரிபுரி என்னும் தலைப்பின் கீழ் ஏறத்தாழ 10.1 இலட்சம் பேர் பதிவாயினர். 1979 ஆம் ஆண்டு சனவரி 19 அன்று திரிபுராவின் ஆட்சி மொழிகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. இதனை எழுத வங்காள எழுத்தும் உரோமன் எழுத்தும் பயன்படுகின்றன.

'கொக்' என்றால் மொழி, 'பொரோக்' என்றால் மனிதர் அல்லது மக்கள். 'போரோ' என்னும் இனப்பெயரும் இதே சொல்லின் மற்றொரு வடிவமாகவே கருதப்படுகின்றது. ஆகவே இரு மொழிகளின் பெயர்களே அவற்றின் உறவைக் காட்டுகின்றன.

ஒலிபெயர்ப்புக் குறிப்பு

தமிழ் எழுத்தில் இச்சொற்களை எழுதும்போது சில வேறுபாடுகள் மறைந்துவிடும். இக்கட்டுரையில் பின்வரும் முறை கையாளப்படுகின்றது.

- 'ப' என்பது 'பகவான்' என்னும் சொல்லின் முதல் ஒலி போன்றது. 'ஃப' என்பது மூச்சொலியுடன் கூடிய வல்லொலி.
- சொல்லிடையில் வரும் 'த' மென்மையாகவும், 'த்த' வன்மையாகவும் ஒலிக்கப்பட வேண்டும்.
- இரு மொழிகளிலும் இதழ் குவியாத உகரம் ஒன்று உண்டு. தமிழில் 'காது' என்னும் சொல்லின் இறுதியில் வரும் குற்றியலுகரத்தை இது பெரிதும் ஒத்தது. கொக்பொரோக்கை உரோமன் எழுத்தில் எழுதுவோர் இதனை 'டபிள்யூ' என்னும் எழுத்தால் குறிப்பர். இங்கு இது உகரமாக எழுதப்படுகின்றது.
- இரு மொழிகளிலும் பொருளை வேறுபடுத்தும் தொனிகள் உள்ளன. அவை இங்குக் காட்டப்படவில்லை.

இம்முறையில் எழுதும்போது சில சொற்கள் தமிழ்ச் சொற்களைப் போலத் தோன்றும். போடோவில் 'பிதா' என்பது தந்தையன்று, 'அவருடைய அண்ணன்' ஆகும். கொக்பொரோக்கில் 'ஆத்தா' என்பது தாயன்று, அண்ணன் ஆகும். இவை தற்செயலான ஒப்புமைகளே.

உடைமை முன்னொட்டுகள்

போடோவில் 'ஆங்' (நான்), 'நுங்' (நீ), 'பி' (அவன், அவள்) என்பன மூவிடப் பெயர்கள். கொக்பொரோக்கில் இவை 'ஆங்', 'நுங்', 'போ' என வழங்குகின்றன. இப்பெயர்களோடு தொடர்புடைய முன்னொட்டுகள் உறவுச் சொற்களின் முன் சேர்கின்றன. 'ஃபா' என்பது தந்தையைக் குறிக்கும் வேர்.

- என் தந்தை: போடோ 'ஆஃபா', கொக்பொரோக் 'ஆஃபா'
- உன் தந்தை: போடோ 'நும்ஃபா', கொக்பொரோக் 'நுஃபா'
- அவர் தந்தை: போடோ 'பிஃபா', கொக்பொரோக் 'புஃபா'

தாயைக் குறிக்கும் வேர் 'மா' ஆகும். கொக்பொரோக்கில் 'ஆமா', 'நுமா', 'புமா' என மூன்று வடிவங்களும் ஒரே வேரிலிருந்து ஒழுங்காக அமைகின்றன. போடோவிலோ அவர் தாய் 'பிமா' எனப்பட, என் தாய் 'ஆய்' எனப்படுகின்றது. அசாமிய மொழியிலும் தாய்க்கு 'ஆய்' என்னும் சொல் உண்டு.

முன்னொட்டு இருந்தாலும் உடைமைப் பெயரைத் தனியாகவும் சொல்வது வழக்கம். வேற்றுமை உருபு இரு மொழிகளிலும் 'நி' ஆகும். 'பினி பிஃபா' என்னும் போடோத் தொடரையும் 'பினி புஃபா' என்னும் கொக்பொரோக் தொடரையும் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'அவருடைய அவர்-தந்தை' என வரும். இருமுறை உடைமை கூறுவது இம்மொழிகளில் பிழையன்று, அதுவே இயல்பான வழக்காகும்.

பொதுவாகத் தாய், தந்தை என்று கூறும்போது படர்க்கை வடிவமே பயன்படுகின்றது. 'பெற்றோர்' என்பதற்குப் போடோவில் 'பிமா-பிஃபா' என்பர். தமிழில் 'தாய் தந்தை' என்பது போலவே இதிலும் தாயே முதலில் வருகின்றாள்.

முதன்மையான சொற்கள்

பின்வரும் பட்டியலில் போடோச் சொல் முதலிலும் கொக்பொரோக் சொல் அடுத்தும் தரப்பட்டுள்ளன.

- பாட்டன்: ஆபௌ, ஆச்சு
- பாட்டி: ஆபுய், ஆச்சுய்
- அண்ணன்: ஆதா, ஆத்தா
- அக்காள்: ஆபோ, பாய்
- தம்பி: ஃபங்பாய், ஃபாயுங்
- தங்கை: பினானாவ், ஹானோக்
- குழந்தை: ஃபிஸா, புஸா
- மகன்: ஃபிஸாஜ்லா; புஸாஜ்லா
- மகள்: ஃபிஸாஜு, புஸாஜுக்
- கணவன்: ஃபிஸாய், புஸாய்
- மனைவி: பிஹி, பிஹிக்
- மருமகள்: பிஹாம்ஜு, ஹாம்ஜுக்
- மருமகன்: பிஜாமாதுய், சாமாரி
- அண்ணன் மனைவி: பாஜுய், பாச்சுய்
- அக்காள் கணவன்: குமுய், குமுய்

கடைசி இணையில் எழுத்து ஒன்றாயினும் ஒலி வேறாகும். போடோவில் முதல் ஒலி 'குரு' என்பதன் ககரம் போல மென்மையாகவும், கொக்பொரோக்கில் 'குளம்' என்பதன் ககரம் போல வன்மையாகவும் ஒலிக்கும்.

தந்தை, தாய் ஆகியோரின் உடன்பிறந்தோருக்கும் போடோவில் தனிச் சொற்கள் உள்ளன. தந்தையின் தம்பி 'ஆதுய்', தந்தையின் உடன்பிறந்தாள் 'ஆனுய்', தாயின் தங்கை 'மாதுய்' எனப்படுகின்றனர். தமிழில் சித்தப்பா, அத்தை, சித்தி என்போருக்கு இவை நிகரானவை.

மூத்தோரும் இளையோரும்

உடன்பிறந்தோரைக் குறிக்கும் சொற்களில் வயது வேறுபாடு தவறாது காட்டப்படுகின்றது. சிறப்பாக மூத்தோரைக் குறிக்கும் சொற்கள் குறுகியவை, அழைக்கவும் பயன்படுபவை. அண்ணன்-தம்பியரைச் சேர்த்துக் கூறப் போடோவில் 'ஆதா-ஃபங்பாய்' என்னும் இணைச்சொல் உண்டு.

இவ்வேறுபாடு சமூக விதிகளோடும் தொடர்புடையது. அசாமில் பணியாற்றிய கிறித்தவ மதகுருவான சிட்னி எண்டில் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1911 ஆம் ஆண்டு வெளியான கச்சாரி மக்கள் பற்றிய நூலில் இதனைக் குறிப்பிட்டுள்ளார். கைம்பெண் ஒருத்தி இறந்த கணவனின் தம்பியை மணக்கலாம், ஆனால் அண்ணனை மணக்கலாகாது. அவ்வாறே மனைவியை இழந்தவன் அவளுடைய தங்கையை மணக்கலாம், அக்காளை மணக்கலாகாது. கணவனின் அண்ணன் தந்தைக்கு ஒப்பானவனாகவும் மனைவியின் அக்காள் தாய்க்கு ஒப்பானவளாகவும் கொள்ளப்பட்டதை இவ்விதி உணர்த்துகின்றது. அண்ணனையும் தம்பியையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழியில் இவ்விதியைக் கூற நீண்ட விளக்கம் வேண்டும். போடோவில் சொற்களே அதனைக் கூறிவிடுகின்றன.

பால் காட்டும் விகுதிகள்

இரு மொழிகளிலும் தமிழில் உள்ளது போன்ற இலக்கணப் பால் இல்லை. படர்க்கைப் பெயர் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. வினைச்சொல்லும் பால் காட்டாது. ஆயினும் உறவுச் சொற்களிலும் விலங்கு, பறவைப் பெயர்களிலும் ஆண், பெண் வேறுபாட்டைக் காட்டும் விகுதிகள் உள்ளன. போடோவில் 'ஜ்லா' ஆணையும் 'ஜு' பெண்ணையும் குறிக்கின்றன. 'ஃபிஸாஜ்லா' (மகன்), 'ஃபிஸாஜு' (மகள்) என்பதில் வரும் விகுதிகளே 'தாவ்ஜ்லா' (சேவல்), 'தாவ்ஜு' (பெட்டைக்கோழி) என்பவற்றிலும் வருகின்றன. 'தாவ்' என்பது பறவை.

கொக்பொரோக்கில் பெண்பால் விகுதி 'ஜுக்' ஆகும். இது 'புஸாஜுக்' (மகள்), 'ஹாம்ஜுக்' (மருமகள்) ஆகிய சொற்களில் காணப்படுகின்றது. மாமனாரைக் குறிக்கும் 'குரா' என்னும் சொல்லோடு இவ்விகுதி சேர்ந்து 'குராஜுக்' என மாமியாரைக் குறிக்கின்றது.

தாயும் சேயும், பெரியதும் சிறியதும்

'மா' (தாய்), 'ஸா' (சேய்) ஆகிய இரு வேர்களும் உறவுமுறைக்கு அப்பாலும் பரவியுள்ளன. ஒரு பெயரின் பின் 'மா' சேர்ந்தால் பெரியது என்றும், 'ஸா' சேர்ந்தால் சிறியது என்றும் பொருள்படும். போடோவில் நீருக்குத் 'துய்' என்று பெயர். 'துய்மா' என்பது பேராறு, 'துய்ஸா' என்பது சிற்றாறு. கொக்பொரோக்கிலும் இதே அமைப்பில் 'துய்மா' ஆற்றையும் 'துய்ஸா' ஓடையையும் குறிக்கின்றன. பேராறு தாயாகவும் சிற்றாறு சேயாகவும் கருதப்படுகின்றன எனலாம்.

திரிபுரி மக்களின் வழிபாட்டில் நெல்லுக்குரிய தெய்வம் 'மாய்லுமா' எனவும், பருத்திக்குரிய தெய்வம் 'குலுமா' எனவும் அழைக்கப்படுகின்றன. இப்பெயர்களின் இறுதியிலும் 'மா' காணப்படுகின்றது.

ஒலித் தொடர்புகள்

இரு மொழிகள் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்பதை நிறுவச் சொற்கள் ஒத்திருப்பது மட்டும் போதாது. அவற்றின் வேறுபாடுகள் ஒழுங்கானவையாகவும் இருத்தல் வேண்டும். உறவுச் சொற்கள் இதற்கு இரு தெளிவான எடுத்துக்காட்டுகளைத் தருகின்றன.

முதலாவது, கொக்பொரோக்கில் சொல்லின் இறுதியில் நிற்கும் ககர மெய் போடோவில் மறைந்துள்ளது. மனைவியைக் குறிக்கும் 'பிஹிக்' போடோவில் 'பிஹி' ஆகின்றது. 'ஹாம்ஜுக்' என்பது 'பிஹாம்ஜு' எனவும், 'புஸாஜுக்' என்பது 'ஃபிஸாஜு' எனவும் வருகின்றன. உறவுச் சொல் அல்லாதவற்றிலும் இவ்வொழுங்கு உண்டு. வீடு என்பது கொக்பொரோக்கில் 'நோக்', போடோவில் 'நோ'. ஆறு என்னும் எண் கொக்பொரோக்கில் 'தோக்', போடோவில் 'தோ'. 'பொரோக்', 'போரோ' என்னும் பெயர்களின் வேறுபாடும் இதுவே. காரோ மொழியிலும் வீட்டுக்கு 'நோக்' என்றே பெயர். ஆகவே ககர மெய்யே பழைய வடிவம் என்றும், போடோ அதனை இழந்தது என்றும் கொள்ளப்படுகின்றது.

இரண்டாவது, போடோவில் மெல்லோசையுடன் ஒலிக்கும் வல்லெழுத்துகள் பல சொற்களில் கொக்பொரோக்கில் வன்மையாக ஒலிக்கின்றன. 'ஆதா' - 'ஆத்தா', 'பாஜுய்' - 'பாச்சுய்' ஆகிய இணைகளும், மேலே கூறிய 'குமுய்' இணையும் இவ்வகையின. நீரைக் குறிக்கும் 'துய்' என்பதன் முதல் ஒலியும் போடோவில் மென்மையாகவும் கொக்பொரோக்கில் வன்மையாகவும் உள்ளது. சிவப்பு நிறத்துக்குரிய போடோச் சொல் 'குஜா', கொக்பொரோக் சொல் 'குச்சாக்'. இவ்வொரு சொல்லில் இரு ஒழுங்குகளும் சேர்ந்து காணப்படுகின்றன. ஆயினும் எல்லாச் சொற்களும் இவ்வாறு மாறுவதில்லை. ஆறு என்னும் எண்ணில் முதல் ஒலி இரு மொழிகளிலும் மென்மையானதே.

எல்லா உறவுச் சொற்களும் இரு மொழிகளுக்கும் பொதுவானவை அல்ல. பாட்டன், பாட்டி, அக்காள், தங்கை ஆகியோருக்கான சொற்கள் வேறுபட்டுள்ளன. கொக்பொரோக்கின் 'ஆச்சு' காரோ மொழியில் பாட்டனைக் குறிக்கும் 'ஆச்சு' என்பதோடு ஒத்துள்ளது. எனவே இவ்விரு மொழிகளை மட்டும் ஒப்பிட்டு முடிவு செய்யாது, கிளையின் பிற மொழிகளையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

வழிமுறையும் குலப்பெயர்களும்

போடோ மக்கள் தந்தை வழிச் சமூகத்தினர். பசுமதாரி, தைமாரி, நார்ஜாரி, சுவர்கியாரி, முசாஹாரி முதலிய குலப்பெயர்கள் தந்தை வழியே வருகின்றன. 'தைமாரி' என்னும் பெயர் மேலே கூறிய 'துய்மா' என்பதோடும், 'முசாஹாரி' புலியைக் குறிக்கும் 'முஸா' என்பதோடும் தொடர்புபடுத்தப்படுகின்றன. திரிபுரி மக்களும் பொதுவாகத் தந்தை வழியினரே.

ஆனால் இதே மொழிக் கிளையைச் சேர்ந்த காரோ மக்கள் தாய் வழியினர். அங்குச் சொத்து மகளுக்கே சேரும். அம்மகளை மணந்து அவள் வீட்டில் வாழ வரும் மருமகன் 'நோக்ரோம்' எனப்படுகின்றான். அவன் பெரும்பாலும் மாமனாரின் உடன்பிறந்தாள் மகன் அல்லது அவருடைய தாய்வழியைச் சேர்ந்தவனாக இருப்பான். திமாசா மக்களிடையே ஆண் வழிக் குலங்களும் பெண் வழிக் குலங்களும் ஒருங்கே உள்ளன. நெருங்கிய உறவுடைய மொழிகளைப் பேசுவோரிடையே மூவகை வழிமுறைகள் காணப்படுவதால், சொல் ஒற்றுமையை மட்டும் கொண்டு சமூக அமைப்பை ஊகிக்க இயலாது என்பது தெளிவாகின்றது.

பழந்தமிழோடு அமைப்பு ஒப்புமை

உடைமைப் பொருளை உள்ளடக்கிய உறவுச் சொற்கள் பழந்தமிழிலும் இருந்தன. எந்தை, நுந்தை, தந்தை என்பன முறையே என் தந்தை, உன் தந்தை, அவர் தந்தை எனப் பொருள்பட்டன. யாய், ஞாய், தாய் என்பனவும், எம்பி, நும்பி, தம்பி என்பனவும், எங்கை, நுங்கை, தங்கை என்பனவும் இவ்வாறே. குறுந்தொகையின் 40 ஆம் பாடலில் யாய், ஞாய், எந்தை, நுந்தை ஆகிய நான்கும் வருகின்றன. பிற்காலத்தில் தன்மை, முன்னிலை வடிவங்கள் வழக்கிழக்க, படர்க்கை வடிவங்களான தந்தை, தாய், தம்பி, தங்கை ஆகியவை பொதுச் சொற்களாயின. இதனாலேயே இக்காலத்தில் 'என் தம்பி' என்று தயங்காது கூறுகின்றோம்.

போடோவில் படர்க்கை வடிவம் பொதுச் சொல்லாகவும் பயன்படுவது இதனை நினைவூட்டுகின்றது. எனினும் இது அமைப்பு ஒப்புமை மட்டுமே. திராவிட மொழிகளுக்கும் திபெத்திய-பர்மிய மொழிகளுக்கும் இடையே குடும்ப உறவு இருப்பதற்கு இது சான்றாகாது. உலகின் பல மொழிகளில் உறவுச் சொற்களும் உடல் உறுப்புச் சொற்களும் உடையவரைச் சேர்த்தே கூறப்படுகின்றன. 'தந்தை' என்றால் எவருக்கேனும் தந்தையாக இருந்தே ஆகவேண்டும் என்பதே இதன் அடிப்படை.

ஆய்வு வரலாறு

எண்டில் 1884 ஆம் ஆண்டில் கச்சாரி மொழிக்கு ஓர் இலக்கணம் வெளியிட்டார். கொக்பொரோக்குக்கு இராதாமோகன் தாக்கூர் எழுதிய 'கொக்பொரோக்மா' என்னும் இலக்கண நூல் 1900 ஆம் ஆண்டில் வெளியானது. 1903 ஆம் ஆண்டில் கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவீட்டின் மூன்றாம் தொகுதியில் போடோ குழு மொழிகள் இடம்பெற்றன. பால் பெனடிக்ட் 1942 ஆம் ஆண்டில் திபெத்திய, சீன உறவுச் சொற்களை ஒப்பிட்டு எழுதினார். பிரமோத் சந்திர பட்டாச்சார்யாவின் போடோ மொழி விளக்க ஆய்வு 1977 இல் வெளிவந்தது. இராபின்ஸ் பர்லிங் காரோ மக்களின் உறவுமுறை பற்றி 1963 இல் நூல் எழுதினார். பின்னர் யூ. வி. ஜோசப்புடன் இணைந்து போடோ மொழிகளின் ஒப்பீட்டு ஒலியியல் நூலை 2006 இல் வெளியிட்டார்.

சொற்பட்டியல் தொகுப்போர் எதிர்கொள்ளும் இடர் ஒன்று உண்டு. 'தந்தைக்கு உங்கள் மொழியில் என்ன சொல்?' என்று வினவினால் ஒருவர் 'ஆஃபா' என்றும் மற்றொருவர் 'பிஃபா' என்றும் விடை கூறுவர். முன்னொட்டை வேரின் பகுதியாக எண்ணி ஒரு மொழியின் தன்மை வடிவத்தை மற்றொரு மொழியின் படர்க்கை வடிவத்தோடு ஒப்பிட்டால், ஒரே சொல் இரு வேறு சொற்களாகத் தோன்றும். ஆகவே முன்னொட்டை நீக்கி, 'ஃபா', 'மா', 'ஸா' முதலிய வேர்களையே ஒப்பிடல் வேண்டும்.

இக்கால நிலை

போடோ வழிக் கல்வி 1963 ஆம் ஆண்டில் அசாமின் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கியது. 2020 இல் இம்மொழி அசாமின் துணை ஆட்சி மொழியாக்கப்பட்டது. கொக்பொரோக் திரிபுராவில் பள்ளிகளிலும் பல்கலைக்கழகத்திலும் கற்பிக்கப்படுகின்றது.

எனினும் உறவுச் சொற்கள் பாடநூலால் அன்றி வீட்டு வழக்காலேயே நிலைபெறுபவை. நகரங்களில் வாழும் குடும்பங்களில் அசாமிய, வங்காள உறவுச் சொற்களும், 'அங்கிள்', 'ஆண்ட்டி' என்னும் ஆங்கிலச் சொற்களும் புகுந்துள்ளன. 'ஆனுய்', 'மாதுய்' ஆகிய இருவரும் 'ஆண்ட்டி' ஆகும்போது, தந்தை வழி, தாய் வழி என்னும் வேறுபாடு சொல்லளவில் மறைகின்றது. சித்தப்பா, மாமா, சித்தி, அத்தை ஆகியோருக்கு நிகழ்வதைக் காணும் தமிழருக்கு இது புதிதன்று. பேசுவோர் எண்ணிக்கை குறைந்த மொழிகளில் இழப்பு விரைவாக நிகழ்வதால், சொற்களை மூவிட வடிவங்களுடனும் தொனிகளுடனும் பதிவு செய்தல் இன்றியமையாததாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- போடோ மொழி
- கொக்பொரோக் மொழி
- காரோ மொழி
- திபெத்திய-பர்மிய மொழிகள்
- உறவுமுறை